மரபுவழிக் கொழுப்புக் கட்டிகளுக்கு அறுவைச் சிகிச்சை: எதை எடுப்பது, எதை விடுவது, எப்படித் தயாராவது

தோலுக்கு அடியில், தொட்டால் மெத்தென்று நழுவும் கட்டி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் லிப்போமா எனப்படும் சாதாரணக் கொழுப்புக் கட்டியாகவே இருக்கும். ஒன்றோ இரண்டோ இருப்பவர்கள் அதை எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் சில குடும்பங்களில் முன்கை, தொடை, இடுப்பு, வயிற்றுப்புறம் ஆகிய இடங்களில் பத்து, ஐம்பது, சில சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிகள், பெரும்பாலும் இருபது வயதுக்கு மேல் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. தாய்க்கோ தந்தைக்கோ இருந்த அதே கட்டிகள் பிள்ளைகளுக்கும் வருகின்றன. ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடப்படும் இந்த நிலை பெரும்பாலான குடும்பங்களில் ஓங்கு மரபாகக் கடத்தப்படுகிறது. அதாவது பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே, ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்காக எழுதப்படுகிறது. மருத்துவரிடம் போவதற்கு முன்பு மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சை இப்போது இருக்கும் கட்டியைத்தான் அகற்றும்; கட்டி உருவாகும் இயல்பை அகற்றாது. முழுவதுமாக எடுக்கப்பட்ட கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்வது அரிதே என்றாலும், வேறிடத்தில் புதிய கட்டிகள் வந்துகொண்டிருக்கும். ஆகவே ஒற்றைக் கட்டிக்காரருக்கு எழும் "எடுக்கலாமா, வேண்டாமா?" என்ற கேள்வி இங்கே "எந்தக் கட்டிகளை, எந்த வரிசையில், எத்தனை தழும்புகளை ஏற்றுக்கொண்டு எடுப்பது?" என்று மாறிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிடுவது என்ற எண்ணத்துடன் தொடங்குகிறவர்கள் ஏமாற்றம் அடைவதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் நோயை உறுதிசெய்துகொள்ளுங்கள்

பல கட்டிகள் இருப்பதாலேயே அது மரபுவழி லிப்போமாதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. இதை உறுதிசெய்யும் தனியான ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. குடும்ப வரலாறு, உடல் பரிசோதனை, ஓரிரு கட்டிகளின் திசுப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். அவர் மனத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் வேறு சில நோய்கள் உண்டு. அவற்றை நீங்களும் ஓரளவு தெரிந்து வைத்திருந்தால், அவர் கேட்கும் கேள்விகளின் பொருள் விளங்கும்.

கட்டிகள் மாதக்கணக்கில் ஓயாமல் வலிக்கின்றன, உடல் பருமனும் சோர்வும் சேர்ந்திருக்கின்றன என்றால், நடுவயதுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் டெர்க்கம் நோயாக இருக்கலாம். கழுத்து, தோள், முதுகின் மேற்பகுதி ஆகியவற்றில் இருபுறமும் சமச்சீராகக் கொழுப்பு திரண்டிருந்தால் அது மேடலுங் நோய் எனப்படும். பெரும்பாலும் மதுப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு வருவது. அந்தக் கொழுப்பைச் சுற்றி உறை கிடையாது என்பதால் அதை அகற்றும் அறுவை முற்றிலும் வேறு வகையானது, கடினமானது. மரபுவழி லிப்போமா பொதுவாகக் கழுத்தையும் தோளையும் விட்டுவிட்டுக் கைகால்களிலும் உடலின் நடுப்பகுதியிலும் வரும், ஒவ்வொரு கட்டிக்கும் மெல்லிய உறை இருக்கும், பெரும்பாலும் வலிக்காது. முன்கையிலுள்ள சிறிய கட்டிகளில் சில மட்டும் அழுத்தினால் சுருக்கென்று வலிப்பதுண்டு. அவை ரத்தக் குழாய்கள் செறிந்த ஆஞ்சியோலிப்போமா வகையாக இருக்கலாம், அவையும் தீங்கற்றவையே.

இன்னொரு கவனம் இதைவிட முக்கியமானது. சில மரபு நோய்களில் கொழுப்புக் கட்டி ஒரு வெளி அடையாளம் மட்டுமே. உண்மையான ஆபத்து உள்ளே இருக்கும். கௌடன் நோய்க்குறியில் மார்பகம், தைராய்டு, கருப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. கார்ட்னர் நோய்க்குறியில் பெருங்குடலில் ஏராளமான பாலிப்புகள் (உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகள்) வளர்ந்து, காலப்போக்கில் புற்றாக மாறுகின்றன. நாளமில்லாச் சுரப்பிகள் பலவற்றில் கட்டி வரும் நோய்க்குறியின் முதல் வகையிலும் (MEN 1) தோலடிக் கொழுப்புக் கட்டிகள் காணப்படுகின்றன. எனவே குடும்பத்தில் இளம் வயதில் குடல், மார்பகம், தைராய்டு புற்றுநோய் வந்தவர்கள் இருந்தாலோ, சிறுநீரகக் கற்களோடு ரத்தத்தில் கால்சியம் கூடியவர்கள் இருந்தாலோ, கேட்காவிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கட்டிகளோடு உடலெங்கும் பழுப்பு நிறத் திட்டுகள் இருந்தால், அவை கொழுப்புக் கட்டிகளே அல்லாமல் நரம்பு நார்க் கட்டிகளாகவும் இருக்கலாம்.

தாமதிக்கக் கூடாத கட்டி எது

தீங்கற்ற லிப்போமா புற்றுநோயாக மாறும் என்ற அச்சம் பல குடும்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. நடைமுறையில் அப்படி மாறுவதில்லை. உண்மையான சிக்கல் வேறு: கொழுப்புத் திசுவிலிருந்து தோன்றும் லிப்போசார்க்கோமா என்ற புற்றுக்கட்டி, தொடக்கத்தில் பார்வைக்கும் தொடுதலுக்கும் லிப்போமா போலவே இருக்கலாம். உடலில் முப்பது கட்டிகள் உள்ளவர் முப்பத்தோராவதையும் "இதுவும் அதே வகைதான்" என்று அலட்சியமாக விட்டுவிடுவது இயல்பு. அந்த அலட்சியம்தான் இங்கே பேராபத்து.

5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டி, சில மாதங்களுக்குள் கண்கூடாகப் பெரிதாகும் கட்டி, தசையோடு ஒட்டிக்கொண்டு நழுவாத கட்டி, மற்றவற்றைப் போல் மெத்தென்று இல்லாமல் கெட்டியாக இருக்கும் கட்டி, புதிதாக வலிக்கத் தொடங்கிய கட்டி, ஏற்கெனவே எடுத்த இடத்தில் மீண்டும் தோன்றிய கட்டி: இவற்றில் எதையும் நேரடியாக அறுத்து எடுக்கச் சம்மதிக்க வேண்டாம். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் ஐயம் இருந்தாலோ கட்டி ஆழத்தில் இருந்தாலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் தடித்த ஊசியால் திசு எடுத்துப் பரிசோதனை. புற்றுக்கட்டியை லிப்போமா என்று எண்ணி அரைகுறையாக அறுத்துவிட்டால், அதன் அணுக்கள் சுற்றுப்புறத் திசுக்களில் பரவி, அடுத்த அறுவையைப் பன்மடங்கு பெரிதாக்கிவிடும்.

முதுகின் கீழ்ப்பகுதியில், நட்ட நடுவில், முதுகெலும்பின் மேல் இருக்கும் கட்டியும் அப்படித்தான், அதிலும் பிறந்ததிலிருந்தே இருப்பது. தண்டுவடத்தோடு தொடர்புடைய பிறவிக் குறைபாடு அந்தக் கொழுப்புக்கு அடியில் மறைந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அங்கே கத்தி வைக்கவே கூடாது.

எந்தக் கட்டிகளை எடுப்பது

ஐயத்துக்குரியவற்றை ஒதுக்கிய பின் எஞ்சுபவை அனைத்தும் தீங்கற்றவை. அவற்றில் எதை எடுப்பது என்பதை மருத்துவரைவிட நீங்களே நன்றாகச் சொல்ல முடியும். மேசையில் கையை ஊன்றினால் வலிக்கும் முன்கைக் கட்டி, இடுப்புப் பட்டை உரசும் இடத்திலுள்ள கட்டி, நரம்பை அழுத்தி மரத்துப்போகச் செய்யும் கட்டி, முகத்திலோ நெற்றியிலோ இருந்து மனத்தை வருத்தும் கட்டி ஆகியவை முதல் வரிசையில் வரும். தோற்றத்துக்காக எடுப்பதில் தவறேதும் இல்லை. அந்த வருத்தம் உண்மையானது, அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிக்கும் பதிலாக ஒரு தழும்பு வரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டைக்குள் மறைந்திருக்கும், வலிக்காத, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும் 1 சென்டிமீட்டர்க் கட்டியை எடுத்து, அங்கே நிலையான தழும்பை வாங்கிக்கொள்வது நல்ல பேரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. நெஞ்சு, தோள்பட்டை ஆகிய இடங்களில் தழும்பு தடித்து மேடாக வளரும் இயல்பு உள்ளவர்கள் இதை இருமுறை யோசிக்க வேண்டும்.

சிறியதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது எளிது என்ற வாதமும் சரியானதே. சிறு கட்டிக்குச் சிறு கீறல் போதும். ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியை 2, 3 சென்டிமீட்டரில் எடுப்பதும், வளராத கட்டியை விட்டுவைப்பதும் பொருத்தமான நடுவழி. எது வளர்கிறது என்று தெரிய வேண்டுமானால் அளந்து எழுதி வைக்க வேண்டும். உடலின் முன்புறம், பின்புறம் என இரு கோட்டுப் படங்கள் வரைந்து, ஒவ்வொரு கட்டிக்கும் எண் கொடுத்து, தேதியுடன் அளவைக் குறித்து வைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உடல் எடையைக் குறைத்தால் கட்டி கரையும் என்று காத்திருக்க வேண்டாம். லிப்போமாவின் கொழுப்பு பட்டினிக்கு இளைப்பதில்லை. சுற்றியுள்ள கொழுப்பு குறைவதால் கட்டி முன்னைவிடத் துருத்திக்கொண்டு தெரிவதே வழக்கம்.

ஒரே அமர்வில் எத்தனை

தோலடிக் கட்டிகளில் பெரும்பாலானவற்றை முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே எடுத்துவிடலாம். இந்த ஊசி மருந்தின் அளவுதான் ஓர் அமர்வில் எத்தனை கட்டிகளை எடுக்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது; நோயாளிகளுக்குப் பெரும்பாலும் யாரும் விளக்கிச் சொல்லாத செய்தி இது. லிடோகெயின் என்ற மருந்தை அட்ரீனலின் சேர்த்துச் செலுத்தும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் உச்ச வரம்பு. அட்ரீனலின் சேர்க்காவிட்டால் ஏறத்தாழ 4.5 மில்லிகிராம். அட்ரீனலின் சேர்த்தால் 60 கிலோ எடையுள்ளவருக்கு உச்சம் 420 மில்லிகிராம். ஒரு விழுக்காட்டுக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் இருப்பதால், மொத்தம் 42 மில்லிலிட்டர்தான் செலுத்தலாம். ஒரு சிறு கட்டிக்கு 3 முதல் 5 மில்லிலிட்டர் செலவாகும் என்று கொண்டால், எட்டு முதல் பதினான்கு கட்டிகளோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும். கரைசலை இன்னும் நீர்க்கச் செய்து எண்ணிக்கையைக் கூட்டும் முறைகள் உண்டு. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் மருத்துவர்.

வரம்பை மீறினால் வாயைச் சுற்றி மரத்துப்போதல், நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைச்சுற்றல் ஆகியவை முதலில் தோன்றும். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். மேசையில் படுத்திருக்கும்போது இவற்றில் ஒன்றை உணர்ந்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். இருபது, முப்பது கட்டிகளை ஒன்றாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் முழு மயக்கத்தில் செய்வது பாதுகாப்பானது. ஆனால் ஒரே நாளில் இரு கைகளிலும் இரு தொடைகளிலும் தையல் போட்டுக்கொண்டால் அடுத்த ஒரு வாரம் உடுத்தவும் குளிக்கவும் படும் பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓர் அமர்வில் ஒரு கை, அல்லது ஒரு தொடை என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முன்னேற்பாடு

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்துவதால் வரக்கூடிய பக்கவாதமும் மாரடைப்பும் ரத்தக் கசிவைவிடப் பல மடங்கு கொடியவை; அதை எழுதிக் கொடுத்த மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசி மருந்து ஒவ்வாமை, பழைய தழும்புகள் தடித்த வரலாறு, இதயத்தில் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கர் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி பேஸ்மேக்கரைப் பாதிக்கக்கூடும். முந்தைய நாள் அந்த இடத்தை நீங்களே சவரம் செய்ய வேண்டாம்; நுண்ணிய வெட்டுக் காயங்கள் வழியே கிருமி நுழையும்.

எடுக்க வேண்டிய கட்டிகளை ஊசி போடுவதற்கு முன்பே தோலின் மேல் அழியாத மையால் குறித்துக்கொள்ள வேண்டும். இது சிறிய செயலாகத் தோன்றினாலும் பல கட்டிகள் உள்ளவருக்கு இதுவே அறுவையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. மரத்துப்போகும் மருந்து செலுத்தப்பட்டதும் அந்த இடம் முழுவதும் உப்பிவிடும். சிறு கட்டியை அதன் பிறகு விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. நிற்கும்போது தெரியும் கட்டி படுத்ததும் இடம் நகர்வதும் உண்டு. ஆகவே நின்ற நிலையிலும், பிறகு மேசையில் படுத்த நிலையிலும் நீங்களும் மருத்துவரும் சேர்ந்து தடவிப் பார்த்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் வட்டமாகக் குறித்து, உங்கள் படத்திலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை எப்படி நடக்கிறது

கீறல் தோலின் இயல்பான மடிப்புக் கோடுகளை ஒட்டிப் போடப்படுகிறது. அப்போதுதான் தழும்பு மெலிந்து மறையும். பழைய முறையில் கட்டியின் முழு அகலத்துக்கும் கீறுவார்கள். இப்போது கட்டியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிறு கட்டிகளுக்கு அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கீறலே போட்டு, வளைந்த இடுக்கியின் முனையால் உறையைச் சுற்றியுள்ள மெல்லிய நார்களை விடுவித்து, இருபுறமும் விரல்களால் அழுத்திப் பிதுக்கி எடுக்கும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. மரபுவழிக் கட்டிகள் பெரும்பாலும் தெளிவான உறைக்குள் இருப்பதால் இந்த முறைக்கு நன்றாக ஒத்துழைக்கின்றன. அருகருகே இருக்கும் இரண்டு மூன்று கட்டிகளை ஒரே கீறல் வழியே சுரங்கம் அமைத்து எடுக்கவும் முடியும். தழும்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்புகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிதுக்கி எடுப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிடரியிலும் முதுகின் மேற்பகுதியிலும் தோலடி நார்கள் தடித்து, கட்டியைப் பல அறைகளாகப் பிரித்து வைத்திருக்கும். அங்கே நீண்ட கீறல் தேவைப்படும். நெற்றிக் கட்டி பெரும்பாலும் நெற்றித் தசைக்கு அடியில் இருக்கும், அதன் ஓரமாக உச்சந்தலைக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடும். முன்கையில் தோல் நரம்புகள் கட்டியின் மேலேயே படர்ந்திருக்கலாம். கழுத்தின் பக்கவாட்டில் தோளை உயர்த்த உதவும் நரம்பு தோலுக்கு மிக அருகில் செல்கிறது. இத்தகைய இடங்களுக்கு அனுபவமுள்ள அறுவை மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ வேண்டும். அறுவை அரங்கமும் வேண்டும்.

கட்டி வெளியே வந்ததும் மருத்துவர் உறை முழுமையாக இருக்கிறதா என்று பார்த்து, குழிக்குள் விரல் விட்டுத் துண்டு ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். தங்கிய துண்டிலிருந்துதான் கட்டி மீண்டும் வளர்கிறது. பின்னர் ரத்தக் கசிவை நிறுத்தி, பெரிய குழியாக இருந்தால் உள்ளே கரையும் தையலால் மூடி, தோலைத் தைத்து, அழுத்தமாகக் கட்டுப் போடுவார்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் முறை, பெரிய கட்டிகளுக்கும் ஏராளமான கட்டிகளுக்கும் தழும்பு குறைய உதவுகிறது. ஆனால் உறை உள்ளேயே தங்கிவிடக்கூடும். திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். திசுப் பரிசோதனைக்கு முழுக் கட்டி கிடைக்காது. எனவே ஐயத்துக்கு இடமில்லாத கட்டிகளுக்கு மட்டுமே அதை எண்ணிப் பார்க்கலாம். கொழுப்பைக் கரைக்கும் டீஆக்ஸிகோலிக் அமில ஊசிக்கு அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது மோவாய்க்குக் கீழுள்ள கொழுப்புக்காக, லிப்போமாவுக்காக அல்ல. கரைத்துவிடுவதாக விளம்பரம் செய்யும் களிம்புகளையும் கட்டுகளையும் நம்பிப் பணமும் தோலும் இழக்க வேண்டாம். கட்டியை வீட்டில் தாமே கீறிப் பிதுக்க முயல்வது ரத்தப்போக்கிலும் சீழிலும் முடியும்.

எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல கட்டிகளை ஒரே புட்டியில் போட்டு அனுப்பினால், ஒன்றில் மாறுபாடு தெரிந்தாலும் அது உடலின் எந்த இடத்துக் கட்டி என்று சொல்ல முடியாமல் போகும். ஒவ்வொன்றையும் தனிப் புட்டியில், இடத்தின் பெயரோடு அனுப்புவதுதான் முறை.

அதன் பிறகு

முதல் ஒன்றிரண்டு நாள்கள் கட்டை அவிழ்க்காமல், கையையோ காலையோ சற்று உயர்த்தி வைத்திருப்பது வீக்கத்தைக் குறைக்கும். முகத்திலுள்ள தையலை 5 முதல் 7 நாள்களிலும், மற்ற இடங்களில் 10 முதல் 14 நாள்களிலும் பிரிப்பார்கள். காயத்தைச் சுற்றிய நீலப்பழுப்பு நிறம் தானாக மறையும். ஆனால் சில மணி நேரத்துக்குள் இறுகி வலிக்கும் வீக்கம் உள்ளே ரத்தம் கட்டுவதைக் குறிக்கும். அன்றே திரும்பிப் போக வேண்டும். சில நாள்கள் கழித்து வலியில்லாமல் தளதளவென்று வீங்கினால், குழியில் நிணநீர் தேங்கியிருக்கும். சிறிதாக இருந்தால் உடல் உறிஞ்சிக்கொள்ளும், பெரிதானால் ஊசியால் எடுத்துவிடுவார்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் ஆகியவை கிருமித் தொற்றின் அடையாளங்கள். தழும்பைச் சுற்றிச் சிறு பரப்பு மரத்திருப்பது வழக்கமானதே. பெரும்பாலும் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும். பெரிய கட்டி இருந்த இடத்தில் தோல் சற்றுக் குழிந்திருப்பதும் உண்டு. தழும்பு முதிர ஓராண்டு வரை ஆகும். அதுவரை வெயில் படாமல் காப்பதும், தடிக்கும் இயல்பு உள்ளவர்கள் சிலிக்கோன் களிம்போ பட்டையோ பயன்படுத்துவதும் பலன் தரும்.

திசுப் பரிசோதனை அறிக்கையை உங்கள் உடல் படத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகு முதல் கட்டி தோன்றும்போது, பெற்றோருடைய கட்டிகள் லிப்போமா என்று நிறுவும் அந்தத் தாளே அவர்களுடைய மருத்துவருக்கு முதல் சான்றாக அமையும். கட்டி ஏதும் இல்லாத குழந்தைக்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. சிறு வயதிலேயே கட்டி தோன்றினால் மட்டும், குடும்பக் கட்டிதானே என்று எண்ணாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். மரபுவழி லிப்போமா அந்த வயதில் தோன்றுவது வழக்கமல்ல.